மைனர் லீக் ஐஸ் ஹாக்கி வீரர் பயிற்சியாளராக மாறுவது எப்படி

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி பல அடுக்குகளாக அமைந்திருக்கிறது. உச்சியில் 32 அணிகள் கொண்ட தேசிய ஹாக்கி லீக் (என்.எச்.எல்.) இருக்கிறது. அந்த அணிகளுக்கு வீரர்களை வளர்த்துத் தரும் அமெரிக்க ஹாக்கி லீக் (ஏ.எச்.எல்.) அதற்கு அடுத்த படியிலும், ஈ.சி.எச்.எல். அதற்கும் கீழ்ப்படியிலும், எஸ்.பி.எச்.எல். போன்ற சிறு லீக்குகள் இன்னும் கீழேயும் உள்ளன. மைனர் லீக்குகள் எனப்படும் இந்தக் கீழ்ப்படிகளில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு என்.எச்.எல். சட்டையை அணியும் வாய்ப்பு ஒருநாளும் வருவதில்லை. ஆனால் வீரராக எட்ட முடியாத அந்த உச்சியைப் பயிற்சியாளராக எட்டியவர்கள் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, உச்சிக்குப் போகாமலேயே, பதின்வயதினரும் இருபது வயதை ஒட்டியவர்களும் ஆடும் ஜூனியர் அணிகளிலும் கல்லூரிகளிலும் மைனர் லீக்குகளிலும் பயிற்சியாளராக இருந்து, மதிப்போடும் மனநிறைவோடும் பல்லாண்டுகள் உழைத்தவர்கள் ஏராளம். அந்தப் பாதையில் நடக்க விரும்பும் வீரர் எப்போது, எங்கே, எதைச் செய்யத் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆடிய அனுபவம் மட்டுமே ஒருவரைப் பயிற்சியாளர் ஆக்குவதில்லை. டாம்பா பே லைட்னிங் அணிக்கு 2020-லும் 2021-லும் என்.எச்.எல். கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்று தந்த ஜான் கூப்பர் தொழில்முறை ஹாக்கி ஆடியவர் அல்லர். வழக்கறிஞராக இருந்து, பள்ளி அணியிலும் ஜூனியர் லீக்குகளிலும் பயிற்சியளித்துப் படிப்படியாக ஏறி வந்தவர். ஆகவே மைனர் லீக் வீரரின் உண்மையான அனுகூலம், ஒவ்வொரு நாளும் ஒரு பயிற்சியாளர் வேலை செய்வதைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பார்க்க முடிகிறது என்பதுதான். ஆடும் காலத்தின் கடைசி இரண்டு மூன்று பருவங்களை அந்தப் பார்வைக்காகவே செலவிடுகிறவர், ஓய்வு பெற்ற பிறகு வேலை தேடத் தொடங்குகிறவரைவிட வெகுதூரம் முன்னே நிற்பார்.

எப்போது தொடங்குவது

பல வீரர்கள் உடல் ஒத்துழைக்கும் வரை ஆடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் மைனர் லீக்குகளில் உடலுக்கு முன்பாகவே விதிகள் கதவைச் சாத்திவிடும். ஈ.சி.எச்.எல்.-இல், இறுதிச் சுற்றுகள் நீங்கலான ஒழுங்குப் பருவத்தில் 260 தொழில்முறை ஆட்டங்களை ஆடி முடித்தவர் மூத்த வீரர் என்று கருதப்படுகிறார்; ஓர் அணியில் அத்தகைய மூத்த வீரர்கள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கோல் காவலர்களுக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 72 ஆட்டங்கள் என்று கொண்டால், காயமின்றி ஆடுகிற ஒருவர் நான்காம் பருவத்திலேயே இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். ஏ.எச்.எல்.-இலும் இதே போக்குதான்: ஓர் ஆட்டத்தில் இறங்கும் 18 களவீரர்களுள் 13 பேர் வளர்ச்சி வீரர்களாக இருக்க வேண்டும், அவர்களுள் 12 பேர் 260 ஆட்டங்களுக்கு மேலும், எஞ்சிய ஒருவர் 320 ஆட்டங்களுக்கு மேலும் ஆடியிருக்கக் கூடாது.

இதன் விளைவை நேராக உணர வேண்டும். இருபத்தேழு இருபத்தெட்டு வயதில், இன்னும் நன்றாக ஓடக்கூடிய நிலையிலேயே, ஒரு வீரர் நான்கு இடங்களுள் ஒன்றுக்காகப் போட்டியிட வேண்டியவராகிறார். அவரைவிடச் சற்றே அதிகம் கோல் அடிக்கும் மற்றொரு மூத்த வீரர் கிடைத்தால், அணி அவரை விடுவித்துவிடும். அதில் யார் மீதும் வருத்தப்பட ஒன்றும் இல்லை. எனவே உங்கள் ஆட்ட எண்ணிக்கை 150-ஐத் தாண்டும்போதே பயிற்சியாளராகும் ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். தொடங்குவது என்றால் ஆட்டத்தில் ஈடுபாட்டைக் குறைத்துக்கொள்வது என்று பொருளல்ல. எதிர்காலத்தில் உங்களுக்குப் பரிந்துரை தரப்போகிற பயிற்சியாளர், நீங்கள் கடைசி ஆட்டம் வரை எப்படி உழைத்தீர்கள் என்பதையும் நினைவில் வைத்திருப்பார்.

ஆடிக்கொண்டே கற்பது

முதலில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாட்குறிப்பு போல மனநிலையை எழுதுவதற்காக அல்ல. ஒவ்வொரு பயிற்சி அமர்வும் முடிந்தவுடன் அன்று செய்த பயிற்சிகளை வரைந்து வையுங்கள்; எது எவ்வளவு நேரம் நடந்தது, எந்த இடத்தில் வீரர்கள் குழம்பினார்கள், பயிற்சியாளர் என்ன சொன்ன பிறகு தெளிந்தார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வீரர் என்ற முறையில் ஒரு பயிற்சி பிடித்ததா இல்லையா என்பது நினைவில் தங்கும். அது ஏன் அந்த வாரத்தில் அந்த நாளில் செய்யப்பட்டது என்பது எழுதி வைத்தால்தான் தங்கும். பருவம் முழுவதும் இப்படி எழுதிய ஏடு, பின்னாளில் பனித்தளத்தின் நடுவில் இருபது பேர் உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கும்போது பெரிதும் உதவும்.

அடுத்து, உங்கள் நிலையை விட்டு வெளியே வாருங்கள். ஓரத்தில் ஆடும் முன்கள வீரருக்கு, எதிரணியின் எல்லையில் 2-1-2 அமைப்பில் (முன்னே இருவர், நடுவே ஒருவர், பின்னே இருவர்) நெருக்குவதா, 1-2-2 அமைப்பில் (முன்னே ஒருவர் மட்டும்) சற்றே பின்வாங்கிக் காத்திருப்பதா என்பதில் தன் பங்கு மட்டுமே தெரியும். அதே அமைப்பு தோற்றால் தற்காப்பு இணைக்கு என்ன நேர்கிறது, கோல் காவலர் எந்தக் கோணத்திலிருந்து வரும் அடியை அஞ்சுகிறார் என்பதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பேருந்துப் பயணங்கள் நீண்டவை. இந்தக் கேள்விகளுக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. கோல் காவலர்களிடம் பேசுவதைக் குறிப்பாக வலியுறுத்துகிறேன். முழு ஆட்டத்தையும் எதிரே வைத்துப் பார்க்கிறவர்கள் அவர்கள் மட்டுமே. அப்படியிருந்தும் அணியின் உத்திகளைப் பேசும்போது பெரும்பாலான அணிகள் அவர்களை ஒதுக்கியே வைக்கின்றன.

காணொளிப் பணியை வலியச் சென்று கேட்டு வாங்குங்கள். மைனர் லீக் அணிகளில் பயிற்சியாளர் குழு மிகச் சிறியது, பல ஈ.சி.எச்.எல். அணிகளில் தலைமைப் பயிற்சியாளரும் ஓர் உதவியாளரும் மட்டுமே இருப்பார்கள். ஆட்டப் பதிவை வெட்டித் தொகுக்கவும், எதிரணியின் பவர் பிளேயை (மறுபக்க வீரர் தண்டனையால் வெளியேற, கூடுதல் ஆளோடு ஆடும் நேரத்தை) தனியே பிரித்துத் தரவும் யாராவது முன்வந்தால் அவர்கள் மறுப்பது அரிது. ஹட்ல் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ்கோட் போன்ற மென்பொருளை இயக்கத் தெரிந்திருப்பது முதல் வேலைக்கான தகுதியாகவே இன்று மாறிவிட்டது. ஹாக்கியில் காணொளியைப் பயிற்சிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவரான ரோஜர் நீல்சன், அதனாலேயே கேப்டன் வீடியோ என்று அழைக்கப்பட்டார். அவருடைய காலத்தில் விந்தையாகப் பார்க்கப்பட்ட அந்த வேலை, இப்போது ஒவ்வொரு பயிற்சியாளரின் இரவையும் எடுத்துக்கொள்கிறது. தொகுக்கும்போது குறைத்துத் தொகுக்கப் பழகுங்கள். வீரர்களுக்கு நாற்பது காட்சிகளைக் காட்டினால் ஒன்றும் நினைவில் நிற்காது. பத்துக் காட்சிகளை எட்டு நிமிடங்களுக்குள் காட்டி, அவற்றுள் பாதியிலாவது வீரர்கள் சரியாகச் செய்ததைக் காட்டினால், அடுத்த ஆட்டத்தில் மாற்றத்தைப் பார்க்கலாம்.

கோடைக்காலத்தில் சிறுவர்களுக்கான ஹாக்கி முகாம்களில் கற்பிப்பதும் அவசியம். பெரியவர்களிடம் அரைகுறையாக விளக்கினாலும் அவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். பத்து வயதுச் சிறுவன் ஊகிக்க மாட்டான், தவறாகச் செய்து காட்டுவான். விளக்கம் தெளிவாக இல்லை என்பதை அவ்வளவு விரைவாக உங்களுக்கு உணர்த்தும் மாணவர் வேறு யாரும் இல்லை. ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு: வெளிநாட்டு வீரர்களின் வேலை அனுமதி பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட அணிக்காகவே தரப்படுகிறது. எல்லை தாண்டி ஆடும் கனடா நாட்டவரும் ஐரோப்பியரும், ஊதியம் பெற்றுக் கற்பிக்கும் முன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வீரர் என்ற முறையில் பெற்ற அனுமதி பயிற்சியாளர் வேலைக்கும் செல்லும் என்று தாமாக முடிவு செய்துவிடக் கூடாது.

சான்றிதழ்கள்

இது நீண்ட விளக்கம் தேவைப்படாத பகுதி. அமெரிக்காவில் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சியளிக்க யு.எஸ்.ஏ. ஹாக்கி அமைப்பில் பதிவு செய்து, பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு, சிறார் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, வயதுக்கேற்ற இணையப் பாடங்களையும் முதல் நிலை வகுப்பையும் கடக்க வேண்டும். மொத்தம் ஐந்து நிலைகள் உள்ளன. பொதுவாக ஒரு பருவத்துக்கு ஒரு நிலை என்ற வேகத்திலேயே ஏற முடியும். கனடாவில் ஹாக்கி கனடா அமைப்பு, தேசியப் பயிற்சியாளர் சான்றிதழ்த் திட்டத்தின்கீழ் தனிப் படிகளை வைத்திருக்கிறது. மேல்நிலை ஜூனியர் அணிகளில் வேலை தேடுவோர் அதன் உயர்திறன் வகுப்புகளை முடித்திருப்பது நல்லது. தொழில்முறை லீக் அணி உங்களை வேலைக்கு எடுக்கும்போது இந்தச் சான்றிதழ்களைப் பெரிதாகப் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் அந்த வேலை போய், அடுத்த வேலை ஜூனியர் அணியிலோ பள்ளியிலோ அமைய வேண்டிய நாளில் அவை இல்லாமல் கதவு திறக்காது. ஏற நேரம் பிடிப்பதால், ஆடிக்கொண்டிருக்கும்போதே முதல் நிலையை முடித்துவிடுங்கள். ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல். வீரர்களுக்காக 1967 முதல் இயங்கும் தொழில்முறை ஹாக்கி வீரர்கள் சங்கம், ஓய்வுக்குப் பிந்தைய தொழிலுக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்றையும் நடத்துகிறது. உறுப்பினராக இருக்கும்போதே அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை

முதல் வேலை பெரும்பாலும் நீங்கள் கடைசியாக ஆடிய அணியிலிருந்தோ, உங்களோடு ஆடியவர் அல்லது உங்களுக்குப் பயிற்சியளித்தவர் போய்ச் சேர்ந்த அணியிலிருந்தோதான் வரும். ஜாரெட் பெட்னாரின் பாதையை எடுத்துக்கொள்வோம். என்.எச்.எல்.-இல் ஓர் ஆட்டம்கூட ஆடாத தற்காப்பு வீரர் அவர். தென் கரோலினா ஸ்டிங்ரேஸ் அணியில் ஆடி 1997-லும் 2001-லும் ஈ.சி.எச்.எல். கோப்பையான கெல்லி கோப்பையை வென்றார். 2002-இல் ஓய்வு பெற்றதும் அதே அணியில் உதவிப் பயிற்சியாளரானார். ஐந்து பருவங்கள் உதவியாளராகவே இருந்து, 2007-இல் தலைமைப் பொறுப்பை ஏற்று, 2009-இல் பயிற்சியாளராகவும் அதே கோப்பையை வென்றார். பிறகு ஏ.எச்.எல்.-இன் பியோரியா அணிக்கு இரண்டு பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, அதே லீக்கின் ஸ்பிரிங்ஃபீல்டில் மறுபடி உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்த இடத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தலைமைப் பதவியில் இருந்தவர் உதவியாளராக இறங்குவதைப் பலர் தோல்வியாக நினைத்துத் தொழிலையே விட்டுவிடுகிறார்கள். அவர் அங்கேயே இருந்து மீண்டும் தலைமைக்கு வந்து, 2016-இல் லேக் எரி மான்ஸ்டர்ஸ் அணிக்கு ஏ.எச்.எல். கோப்பையான கால்டர் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் என்.எச்.எல். அணியான கொலராடோ அவலாஞ்ச் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. முதல் பருவத்தில் 82 ஆட்டங்களில் 48 புள்ளிகளே பெற்று லீக்கின் கடைசி இடத்தில் நின்ற அந்த அணி, 2022-இல் அவர் தலைமையிலேயே ஸ்டான்லி கோப்பையை வென்றது.

பெட்னார் 2009-இல் கோப்பை வென்றபோது அவருடைய அணியில் ஆடியவர் ஸ்பென்சர் கார்பெரி. 2010-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்டிங்ரேஸில் உதவியாளராகி, அடுத்த ஆண்டே தலைமைப் பயிற்சியாளரானார். ஐந்து பருவங்களுக்குப் பிறகு சகினா என்ற ஜூனியர் அணிக்குப் போனார், பிறகு ஏ.எச்.எல்.-இல் பிராவிடன்ஸில் உதவியாளர், ஹெர்ஷியில் தலைமைப் பயிற்சியாளர், என்.எச்.எல்.-இல் டொராண்டோவில் உதவியாளர் என்று நகர்ந்து, 2023-இல் வாஷிங்டன் கேபிடல்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். 2025-இல் லீக்கின் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதைப் பெற்றார். இருவருடைய பயணத்திலும் நேர்கோடு கிடையாது. பக்கவாட்டில் நகர்வதற்கும், பதவிப் பெயரில் கீழே இறங்குவதற்கும் தயாராக இருப்பவர்களுக்கே இத்தொழிலில் நீண்ட ஆயுள்.

தெரிந்த அணியில் இடம் இல்லையென்றால், அமெரிக்காவின் யு.எஸ்.எச்.எல்., என்.ஏ.எச்.எல். போன்ற ஜூனியர் லீக்குகளிலும், கனடாவின் மூன்று பெரும் ஜூனியர் லீக்குகளிலும், கல்லூரிகளிலும் உதவியாளர் அல்லது காணொளிப் பயிற்சியாளர் வேலைகளைத் தேடலாம். அமெரிக்க ஹாக்கிப் பயிற்சியாளர் சங்கம் ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் ஆண்டுதோறும் கூட்டும் மாநாட்டுக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். பருவம் முடிந்து வேலைகள் கைமாறும் நேரத்தில் அது நடக்கிறது. கல்லூரி வேலைகளுக்குப் பட்டம் எதிர்பார்க்கப்படும். ஜூனியர் காலத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள், ஆடும் ஆண்டுகளிலேயே இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடர்வது பிற்காலத்தில் மிகவும் கைகொடுக்கும்.

நேற்றைய தோழர், இன்றைய பயிற்சியாளர்

நேற்று வரை பக்கத்தில் அமர்ந்து உடைமாற்றியவர்களுக்கு இன்று பயிற்சியாளராவது இந்த மாற்றத்திலேயே மிகக் கடினமான பகுதி. அதைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. உதவிப் பயிற்சியாளரிடம் வீரர்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லாததைச் சொல்வார்கள். அதைக் கேட்பதும் உங்கள் பணிதான். ஆனால் எதை உங்களோடு வைத்துக்கொள்வீர்கள், எதைத் தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே இரு தரப்புக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காயத்தை மறைத்து ஆடுவது, குடிப்பழக்கம், மனச்சோர்வு ஆகியவை மறைக்கக் கூடாதவை. ஆடும் நேரம் குறித்த புலம்பல் உங்களோடு நின்றுவிடலாம். தலைமைப் பயிற்சியாளரின் முடிவு உங்களுக்கு உடன்பாடில்லை என்றாலும், வீரர்கள் முன்னிலையில் அது உங்கள் முடிவாகவும் இருக்க வேண்டும். மாற்றுக் கருத்தைப் பயிற்சியாளர் அறைக்குள், ஆட்டத்துக்கு முன்பே, முழுமையாகச் சொல்லிவிட வேண்டும்.

நண்பர் ஒருவரை அணியிலிருந்து விடுவிக்கும் நாளும் வரும். அதைத் தொலைபேசியில் செய்யாதீர்கள், மற்றொருவரிடம் ஒப்படைக்காதீர்கள். உட்கார வைத்து, முதல் வாக்கியத்திலேயே செய்தியைச் சொல்லி, காரணத்தைச் சுருக்கமாகக் கூறி, வேறு எந்த அணிக்கு அவர் பொருந்துவார் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்து, அந்தத் தகவலோடு அனுப்புங்கள். விடுவிக்கப்பட்ட வீரருக்கு அன்றே இன்னோர் அணியிடம் பேசித் தரும் பயிற்சியாளரின் பெயர் லீக் முழுவதும் பரவும். அடுத்த கோடையில் நல்ல வீரர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

பயிற்சி அமர்வும் பெஞ்சும்

பனித்தளம் மணிக்கணக்கில் வாடகைக்கு வருவது; பெரும்பாலும் ஒரு மணி நேரமே கிடைக்கும். பலகையின் முன் நின்று பேசுவதை ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆட்டத்தில் ஒரு ஷிஃப்ட் (ஒரு வீரர் தளத்தில் இறங்கி வெளியேறும் வரையிலான நேரம்) நாற்பது முதல் ஐம்பது விநாடிகள் வரை நீடிக்கும்; பயிற்சியிலும் அந்த அளவு முழு வேகத்தில் ஓடவிட்டு, பிறகு போதிய ஓய்வு கொடுங்கள். வரிசையில் நின்று தம் முறைக்காகக் காத்திருக்கும் பயிற்சிகளைக் குறைத்து, தளத்தின் ஒரு மூலையில் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று ஆடும் சிறுபரப்பு ஆட்டங்களை அதிகமாக்குங்கள். நெருக்கடியில் முடிவெடுக்கும் பழக்கம் அங்கேதான் உருவாகிறது. ஈ.சி.எச்.எல். அணிகள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடர்ந்து மூன்று இரவுகள் ஆடுவது வழக்கம். அத்தகைய வாரங்களில் பயிற்சியைக் குறைக்கும் துணிவு வேண்டும். புதிய பயிற்சியாளர்கள் தோல்விக்கு மறுநாள் வீரர்களைக் களைக்கக் களைக்க ஓடவிடுவது, அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் தவறாமல் தெரிந்துவிடும்.

பெஞ்சில் பொதுவாகத் தலைமைப் பயிற்சியாளர் முன்கள வரிசைகளையும் உதவியாளர் தற்காப்பு இணைகளையும் கவனிப்பார்கள். ஆட்டம் நின்றபின் கடைசியாக வீரர்களை மாற்றும் உரிமை சொந்தத் தளத்தில் ஆடும் அணிக்கு உண்டு. எதிரணியின் சிறந்த வரிசை இறங்கியதைப் பார்த்த பிறகு உங்கள் தற்காப்பு இணையை அனுப்பலாம். வெளியூரில் இந்த வசதி இல்லை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிச் சமாளிக்க வேண்டும். ஐசிங் (தன் பாதியிலிருந்து பக்கை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி அடித்துவிடும் தவறு) செய்த அணியால் வீரர்களை மாற்ற முடியாது என்பதால், களைத்த ஐவர் எந்த நேரமும் தளத்தில் சிக்கிக்கொள்ளலாம் என்ற நினைவோடு ஷிஃப்டுகளைச் சுருக்கமாக வைத்திருங்கள். வீரராக இருந்தவருக்கு இயல்பாகவே கண் பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, தொடரும். முதல் பருவத்தில் வேண்டுமென்றே அதைத் தவிர்த்து, பக் இல்லாத பக்கத்தில் உங்கள் வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். கோல்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

தலைமைப் பொறுப்பு வந்ததும்

ஈ.சி.எச்.எல்.-இல் பல தலைமைப் பயிற்சியாளர்கள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மேலாளர் பணியையும் சேர்த்தே செய்கிறார்கள். வாராந்திர ஊதிய வரம்புக்குள் அணியைக் கட்ட வேண்டும், நான்கு மூத்த வீரர்களை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், புதிதாக வந்த வீரரின் தங்குமிடத்தில் சூடேற்றி வேலை செய்யவில்லை என்றால் அந்தத் தொலைபேசி அழைப்பும் உங்களுக்கே வரும். ஆட்டத்தன்று பிற்பகலில் மேல் லீக் அணி அழைத்து உங்கள் முதல் வரிசையின் இருவரைக் கொண்டுபோய்விடும். அதை இழப்பாக எண்ணிச் சலித்துக்கொள்கிறவர் இந்த லீக்கில் நிலைக்க மாட்டார். வீரரை மேலே அனுப்புவதே அங்குள்ள பயிற்சியாளரின் கடமை. மேல் லீக் பயிற்சியாளரிடம் ஒரு வீரரைப் பற்றிச் சொல்லும்போது குறைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் சொல் நம்பத்தக்கது என்று அவர்கள் அறிந்துகொண்டால், ஒருநாள் அங்கே உதவியாளர் இடம் காலியாகும்போது உங்கள் பெயரும் நினைவுக்கு வரும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஈ.சி.எச்.எல்.-இல் வீரராக இருந்தபோது தங்குமிடத்தை அணியே தந்தது. பயிற்சியாளருக்கு அது கிடைக்குமா என்று கேளுங்கள். ஊதியம் பன்னிரண்டு மாதங்களுக்கா, பருவத்துக்கு மட்டுமா. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கோடையிலும் தொடருமா. கோடை முகாம்களின் வருமானம் யாருக்குச் சேரும். பருவத்தின் நடுவே நீக்கப்பட்டால் எஞ்சிய தொகை தரப்படுமா. மேல் லீக்கிலிருந்து அழைப்பு வந்தால் தடையின்றி விடுவிப்பார்களா என்பவை அடுத்த கேள்விகள். எல்லாவற்றுக்கும் விடையை எழுத்தில் பெறுங்கள். துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி, அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான ஆட்ட அட்டவணையை அதன் பக்கத்தில் வைத்து, வீட்டில் இல்லாத இரவுகள் எத்தனை என்பதைச் சேர்ந்து எண்ணிப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.